ட்ரெபிள்

டைட்டஸ் தன் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மனைவியின் காதுகளில் மாட்டிவிட்டு, மொபைலில் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கேசியா ஈரக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடி திரையைப் பார்த்தாள். தாடி வைத்த ஒருவன் மூன்று கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். கம்பெனிப் பெயர் தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டி, மேலே ஏ, பி, சி என்று எழுதியிருந்தான். ஒரே துணுக்கை மூன்றிலும் வாசித்துக் காட்டுவான். பார்க்கிறவர்கள் காதை மட்டும் நம்பி எது நல்லது என்று சொல்ல வேண்டும்.

ஏ நன்றாக இருந்தது. பி கொஞ்சம் தடித்த குரலாக இருந்தாலும் கேட்க முடிந்தது. சி தொடங்கியதும் எவர்சில்வர் தட்டில் முள்கரண்டியை அழுத்தி இழுத்தது போல ஒரு கூர்மை இரண்டு காதுக்குள்ளும் ஏறியது. கேசியா ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தாள். அதில் ஒரு கீரை இலை ஒட்டிக்கொண்டது.

"சி தானே?" என்றான் டைட்டஸ், முகம் மலர்ந்து. "கண்ணாடி மாதிரி கீது பாரு. மத்த ரெண்டும் கம்பளி போத்திக்கினு பாடறா மாதிரி."

கேசியா இலையைத் துடைத்தாள். தனக்கு என்ன தெரியும், சத்தம்தான் அதிகமாக வைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வீடியோவுக்குக் கீழே எத்தனையோ பேர் சி காதைக் கிழிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வாய்க்கு வந்ததை எழுதும் கும்பல் என்று டைட்டஸ் அவர்களை ஒதுக்கிவிட்டான்.

எந்த ஆம்ப் நல்லது என்று அவனிடம் கேட்க, சுற்றுவட்டாரக் கிறிஸ்தவ சபைகளில் ஆட்கள் இருந்தார்கள். சித்தூரின் பழைய கல் கோயிலில் பள்ளிக்கூட நாளிலிருந்து கிட்டார் வாசிப்பவன். நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரியாது. எல்லாம் காதால் வந்தது. குடிபாலாவிலோ பலமனேரிலோ ஒரு சபை ஆம்ப் வாங்க நினைத்தால், வாலிபர்கள் டெமோ வீடியோக்களின் லிங்குகளை அவனுக்கு அனுப்புவார்கள். கடைக்குப் போய் வாசித்துப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவேண்டும். வேலைக்காகத் திருப்பதியில் குடியிருக்கும் டைட்டஸ் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பாராட்ட இன்னொன்றும் இருந்தது, அவனுடைய தாளம். பாட்டின் நடுவில் கரண்ட் போனால் ஆர்கன் நின்றுவிடும், பாடுகிறவர்கள் கலைந்துபோவார்கள். டைட்டஸின் பாதம் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் எல்லாரும் அந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். இப்போது சித்தூர் கோயிலுக்கே புது ஆம்ப் வாங்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

கேசியாவுக்கு ஒரு மாதமாகவே தெரியும். மகள் லீனா காய்ச்சலில் படுத்திருந்தபோது, அவள் கைக்கிடுக்கில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு டைட்டஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் இருந்த கேசியாவுக்கு அது பீப் பீப்பென்று அடித்து ஓய்ந்தது கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவன் இன்னும் காத்திருந்தான். "நைனா, அது அப்பவே அடிச்சிடுச்சு" என்று லீனா முனகியதும், தூங்கிட்டேன் போல என்று சிரித்தான். அவன் கண் திறந்தே இருந்ததைக் கேசியா பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு பார்க்குமிடமெல்லாம் அதுவே தெரிந்தது. கொசுவின் ரீங்காரத்துக்கு அவன் திரும்புவதில்லை. தொலைக்காட்சியில் பெண்கள் பேசும்போது அவர்கள் வாயைப் பார்த்தான். ஒருநாள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு, "உனக்கு எப்பவும் என் மேல ஒரு கொற" என்று ரிமோட்டை வீசிவிட்டுப் போனவன், மறுநாள் இரவு சாப்பாடு வரை பேசவில்லை.

டைட்டஸுக்கு ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. விடியுமுன் கொர்லகுண்டா முனைக்குக் கம்பெனி பஸ் வரும். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இறங்கினால் மாலை வரை தகடு அடிக்கும் மெஷின்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் நுரை அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அவன் அதைக் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வான். மெஷின் விழுவதில் ஒரு தாளம் இருக்கிறதாம்; அடைத்துக்கொண்டால் அது போய்விடுமாம். அந்தத் தாளத்துக்கு மேல் வேலை நேரம் முழுவதும் மனசுக்குள் கிட்டார் வாசிப்பானாம். கல்யாணமான புதிதில் அவன் இதைச் சொன்னபோது கேசியாவுக்கு அது அழகாக இருந்தது. இப்போது அந்தக் கயிற்றைத் துவைத்துக் காயப்போடும்போதெல்லாம், நசுங்காமல் புதிதாகவே இருக்கும் அடைப்பான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒருமுறை பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தாள், காதை ஒரு டாக்டரிடம் காட்டினால் என்ன என்று. டைட்டஸ் சிரித்தான். வருடம் தவறாமல் கம்பெனி வாசலுக்கு டெஸ்ட் வேன் வருகிறது. ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, பீப் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்கிறார்கள்.

"எனக்கு முன்னாடி போனவன்லாம் முழிச்சிக்கினு வந்தான். நான் ஒண்ணு வுடல. அந்த ஆளே அசந்து போய்ட்டான், மியூசிஷியனா சார்னு கேக்கறான்."

அந்த ஒரு சான்று போதும் என்று கேசியா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தெர்மாமீட்டரின் பேட்டரியைக் கூட மாற்றினாள்.

போன வாரம் அதுவும் குலைந்தது. பலமனேரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அந்தச் சபையின் ஆம்ப், டைட்டஸ் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தது, மேடையோரம் இருந்தது. அதன் முகத்தின் மேல் தடித்த குளியல் டவல் ஒன்றை இரண்டாக மடித்து, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டைட்டஸ் அதை வாஞ்சையாகத் தட்டிக்கொடுத்தான். "தூசி படாம எப்டி வெச்சிருக்காங்க பாரு" என்றான். பக்கத்தில் நின்ற வாலிபர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று அவர்கள் முன்பே பேசிவைத்தது போலிருந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் புது ஆம்ப் சித்தூருக்கு வந்தது. சி தான். சனிக்கிழமை மாலை ஒத்திகையில் டைட்டஸ் பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்து, ஒயரைச் செருகி, தந்திகளைச் சேர்த்து மீட்டி முதல் கார்டை வாசித்தான். கல் சுவரிலும் உயரமான கூரையிலும் பட்டு அது திரும்பி வந்தது. கொயரில் ஆல்டோ பாடும் பெண்கள் வரிசையில் நின்ற கேசியாவுக்குப் பல் கூசியது. குழந்தைகள் தெர்மாகோலை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். டைட்டஸ் தலையைச் சாய்த்துக் கேட்டான். திருப்தி இல்லை. குனிந்து, கூர்மையான ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினான்.

கொயரில் வயதில் மூத்தவர் கிருபாபாய். காதுமிஷின் வைத்துக்கொண்டுதான் பாடுவார். அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"இன்னாடா டைட்டஸு, காதுல ஊசி ஏத்தறா மாதிரி கீது. செவிடி எனக்கே இப்டினா காது கேக்கறவங்க கதி இன்னாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். வேண்டியதற்கு மேலேயே சிரித்தார்கள். டைட்டஸும் சிரித்தான். ஆர்கன் வாசிக்கும் அசரியா சார், மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் தக்கிஞ்சு வை நைனா" என்றார். டைட்டஸ் சத்தத்தைக் குறைத்தான், ட்ரெபிளைக் குறைக்கவில்லை. கல் கட்டடத்தில் அப்படித்தான் ஒலிக்கும், நாளைக்கு ஆட்கள் நிறைந்துவிட்டால் சரியாகிவிடும் என்று விளக்கினான். வீடியோவில் இதே ஆம்ப் எப்படி இருந்தது தெரியுமா என்று மொபைலை எடுத்தான். யாரும் பக்கத்தில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நிறைந்தார்கள். ஓலைகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலமாக உள்ளே வந்தபோது, முதல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை வீரிட்டது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். இரண்டாவது பாட்டில் இன்னொருத்தி எழுந்து போனாள். டைட்டஸ் கண்ணை மூடி, பாதத்தால் தட்டிக்கொண்டு, அருமையாக வாசித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இத்தனை நிம்மதியைக் கேசியா பார்த்து வருடமாகியிருந்தது. அவனுக்கு இன்றைக்குத்தான் தன் கிட்டார் சரியாகக் கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளிடம் அசரியா சார் வந்தார். பெரிய வெள்ளிக்கு ஆர்கன் மட்டும் போதும் என்று டைட்டஸிடம் சொல்லிவிட்டாராம். துக்க நாள், அவனும் ஒன்றும் கேட்கவில்லை. ஈஸ்டருக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நீதாம்மா சொல்லணும். நாங்க சொன்னா அவன் கோயில் பக்கமே வரமாட்டான்."

"எதச் சொல்றது சார்?"

அவர் தரையைப் பார்த்தார். "பலமனேர்ல டவல் ஒட்டியிருக்காங்களே... நான்தான் ஒட்டச் சொன்னேன்."

கேசியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பேருக்குத் தெரியும். இத்தனை பேரும் அவனிடம் லிங்க் அனுப்பி, எது நல்லது அண்ணா என்று கேட்டு, அவன் சொன்னதையே வாங்கி, அதன் வாயைத் துணியால் கட்டிவைத்திருக்கிறார்கள். அன்பினால்தான். தானும் அதைத்தானே செய்கிறோம் என்று தோன்றியதும் கோபம் போய் வெறும் பயம் நின்றது.

சனி, ஞாயிறுகளில் வந்து தங்க சித்தூரில் அவர்களுக்கு இருந்த இரண்டு அறை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவன் தட்டைத் தள்ளிவைக்கும்வரை கேசியா பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள். வாசலில் தனக்கு நேரே லீனா உட்கார்ந்திருப்பதைக் கூடப் பொருட்படுத்தவில்லை.

"ஏங்க, அந்த ஆம்பு காதுல குத்துது. எல்லாருக்கும் குத்துது. உங்களுக்கு மட்டும்தான் குத்தல."

 டைட்டஸ் அவள் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. அசரியா சார் சொல்லச் சொன்னாரா என்று கேட்டான். அவள் தட்டுகளை அடுக்கினாள். அவன் எழுந்து கை கழுவி, ஹெட்போனை எடுத்து வந்து, மொபைலில் எதையோ தேடினான். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துக்கொள்ளும் வீடியோ. அதையும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். மொபைலை அவள் கையில் கொடுத்தான்.

"கம்பெனில பண்றா மாதிரியே பண்ணு. நான் கண்ண மூடிக்கறேன். நீயே பாரு. அப்பறம் பேசு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வலது கையைத் தொடைமேல் வைத்து ஆள்காட்டி விரலை மட்டும் தளர்த்திக்கொண்டான். கேசியா வீடியோவைத் தொட்டாள். திரையில் ஊதா நிறத்தில் ஒரு அலை வந்து போனது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு பீப். கீழே ஏறிக்கொண்டே போகும் ஒரு எண். முதல் அலை. விரல் எழுந்தது. இரண்டாவது. எழுந்தது. ஹெட்போனிலிருந்து கசியும் மெல்லிய சத்தம் அவளுக்கே கேட்டது. அலை, விரல். அலை, விரல். சத்தம் மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போனது. விரல் ஒன்றையும் விடவில்லை. கேசியாவின் தோள் தளர்ந்தது. உள்ளுக்குள் ஒரு ஸ்தோத்திரம் கூட எழுந்தது. கல் கட்டடத்தின் எதிரொலிதான் காரணம் போலிருக்கிறது. தெர்மாமீட்டர் அடித்த அன்றைக்கு அவன் களைத்திருந்தான், அவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் பாதத்தைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே அது மெல்லத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அலைகள் எல்லாம் ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. கேசியா கட்டைவிரலால் திரையைத் தொட்டு வீடியோவை நிறுத்தினாள். ஊதா அலை பாதியில் அசையாமல் நின்றது.

வாசலில் இருந்த லீனா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவளைக் கேசியா இடது கையால் இழுத்து அணைத்து வாயைப் பொத்தினாள். வெயிலில் எங்கோ ஒரு தள்ளுவண்டிக்காரன் தெலுங்கில் கூவிக்கொண்டு போனான்.

"வுடாத, இன்னும் ஏத்து" என்றான் டைட்டஸ், கண்ணைத் திறக்காமல், உதட்டில் சின்னச் சிரிப்போடு. "எல்லாம் கேக்குது."

விரல் எழுந்தது. இறங்கியது. இம்மி பிசகாமல், அடுத்த அலை வரவேண்டிய இடத்தில், மறுபடியும் எழுந்தது.