வெங்கியின் பெட்டியைப் பற்றிய முதல் அபிப்பிராயம்

1.

இந்தக் கதை ஒரு கூரியர் பெட்டியிலிருந்து வந்தது. மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது, ஆர்டர் செய்திருந்த வெங்கி உயிரோடு இல்லை. வாங்கி வைத்தவர் அவன் அப்பா. அவருக்கு அனந்தகிருஷ்ணன் என்று பெயர் வைக்கிறேன். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. 'அவர்' என்றால் கொஞ்ச தூரம் நடக்க முடிகிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'அன்று காலை தாதர் ஸ்டேஷனில் கூட்டம் அதிகம். வெங்கி ஏறுவதற்குள் வண்டி—'

(வேண்டாம். பெட்டியே போதும்.)

2.

சீட்டுக்கட்டை விடச் சற்றுப் பெரிய கறுப்பு உலோகம். முன்னால் ஒரு குமிழ், ஹெட்போன் சொருக ஒரு துளை. அளவுக்கு மீறிய கனம். ஸ்பீக்கர் எங்கே என்று அனந்தகிருஷ்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெங்கியின் சிநேகிதன் மாதவ் வந்து விளக்கினான். கம்ப்யூட்டரில் எண்ணாக இருக்கும் பாட்டை இது ஒலியாக மாற்றும். ஹெட்போனுக்கு வேண்டிய பலத்தையும் கொடுக்கும். இந்த மாதிரி சாமான் பைத்தியங்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. புதிதாக வாங்கியவர் முதல் அபிப்பிராயம் எழுத வேண்டும். வெங்கி எழுதுவதாகச் சொல்லியிருந்தான். மாமா எழுதினால் நன்றாக இருக்கும் என்று மாதவ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஆனா உடனே கேக்கப்படாது மாமா. ரெண்டு மூணு நாள் பாட்டை ஓட விட்டுடணும். அப்பறந்தான் சத்தம் இளகும்."

(இது உண்மையா வெறும் நம்பிக்கையா என்று குழுவிலேயே சண்டை நடக்கிறதாம். வெங்கி நம்பினான்.)

3.

அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டு கிடையாது. டிவி மேல் துண்டு போர்த்தியிருந்தது. வெங்கியின் அம்மா அபயாம்பாள் மறுத்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் மாதவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஓடறச்சே யாருமே கேக்கமாட்டாளா?"

"மாட்டா மாமி."

"அப்போ அது பாட்டில்லே. ஓடட்டும்."

(இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாளா என்று நீங்கள் சந்தேகப்படலாம். அவள் அழுது மறுப்பதாக ஒருமுறை எழுதினேன். அது அழகாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது.)

வெங்கியின் லேப்டாப்பில் இணைத்து, ஹெட்போனை அவன் தலையணையில் வைத்தார்கள். காதை அருகில் கொண்டுபோனால் எறும்பு ஊர்வது போல ஏதோ ஒலி.

4.

மறுநாள் அனந்தகிருஷ்ணன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. குழுவில் இதைக் குறை என்று எழுதுவார்கள். அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாதவ் போன் செய்தான்: இனி கேட்கலாம். தன் பிள்ளை கேட்க ஆசைப்பட்டதை ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும், அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஹெட்போனை எடுத்தார். கட்டில் ஓரத்தில் அபயாம்பாள் உட்கார்ந்திருந்தாள். மத்தியானங்களில் அவள் அங்கேதான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கேட்டு எழுதிட்டேள்னா?"

"எழுதிட்டா ஆச்சு. மாதவ்ட்ட குடுத்துடலாம். அவன் வெச்சுப்பான்."

"அப்பறம் இந்த ரூம்ல என்ன ஓடும்?"

அவர் பதில்—

5.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் கேட்கிறார், எழுதி அனுப்புகிறார், பெட்டி மாதவ் வீட்டுக்குப் போகிறது. இன்னொன்றில் அபயாம்பாள் வருஷக் கணக்கை விட்டுவிட்டு, தானே மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்கிறாள். இரண்டுமே நியாயம். ஆனால் இரண்டிலும் கடைசி வரியில் யாராவது எழுந்து போய் அதை அணைக்க வேண்டியிருந்தது. அடித்துவிட்டேன்.

நான் முடிக்காதவரை அந்த அறையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் ஹெட்போனைக் காதுக்கும் தலையணைக்கும் நடுவே பிடித்தபடி நிற்கிறார். கை வலிக்கத் தொடங்கியிருக்கும். கேட்கச் சொல்லுங்கள், இல்லை அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் இஷ்டம். அணைப்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.