சீலை வேலி

கேட்காமலே ஆலோசனை சொல்ல எங்கள் ஸ்கந்தபுரத்துக்கு முத்துலிங்கம் அண்ணை ஒருவரே போதும். என் ரோசாவுக்குத் தேயிலைச் சக்கை போடச் சொன்னார், அது பட்டுப்போனது. நாய்க்கு வேப்பெண்ணெய் பூசச் சொன்னார். அது இன்னும் என்னை நம்புவதில்லை.

எங்கள் கச்சான் தோட்டத்தில் பன்றி புகுந்ததை வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டேன்.

"சுத்திவரச் சீலை கட்டும் தம்பி. பளிச்செண்டு இருக்கோணும். பன்றி பயந்து ஓடும்."

"வீட்டில பழைய சீலை இல்லை அண்ணை," என்று தப்பப் பார்த்தேன்.

"அப்ப நான் கட்டிக் காட்டுறன், பாரும்."

தன் கச்சான் தோட்டத்தைச் சுற்றிக் கட்டியே விட்டார். மனைவி ஞானேஸ்வரி அக்கா வவுனியாவில் மகள் வீட்டில் நின்றதால், நிறம் தெரிவு செய்வதில் அவருக்குப் பூரண சுதந்திரம். அலுமாரியில் இருந்ததிலேயே பளிச்சென்ற அரக்குச் சிவப்புச் சரிகைச் சீலைக்குப் படலை வாசலில் முதலிடம்.

பன்றிகள் அதன் கீழால் நுழைந்து, கச்சானை வேரோடு கிண்டி, கடலையைத் தின்றுவிட்டுப் போயின.

மறுநாள் அக்கா பஸ்ஸால் வந்து இறங்கினா.

"ஐயோ, இது என்ரை கலியாணக் கூறைச் சீலையெல்லோ!"

அண்ணை இப்போது எங்கள் விறாந்தையில்தான் படுக்கிறார். அந்த வேலிக்குப் பயந்து ஓடிய ஒரே உயிர் அவர்தான்.