சிவப்புக் காரின் கட்டைவிரல்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. திரையில் வெளிச்சம் அடித்தால் ஓட்டுகிறவருக்குக் கண் கூசும் என்று கட்டும்போதே அடைத்துவிட்டார்கள். வெளியே மழையா வெயிலா என்பது, யாராவது ஈரக் குடையோடு உள்ளே வந்தால்தான் தெரியும். வீடியோ கேம் விளையாடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாமே, கொடுத்து வைத்தவள் என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும், யார் கொடுத்து வைத்தவர் என்று.

அவளை அங்கே எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பந்தய கேம் தயாரிக்கிற கம்பெனி அது. கேம் கடைக்குப் போகும் முன் அதிலுள்ள ஒவ்வொரு பந்தயத்தையும் ஓட்டிப் பார்த்து, ஜெயிக்க முடிகிறதா, எங்கே உதைக்கிறது என்று சொல்வது அவள் வேலை. நிஜத்தில் அவளுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. வேலைக்கு பஸ்ஸில்தான் வருவாள். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் தப்பான இடத்தில் பிரேக் போடும்போதெல்லாம் மனசுக்குள் திட்டுவாள்.

கணவனும் ஐந்து வயது மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அவனுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அதே ஊரில் கம்பெனிக்கும் ஒரு கிளை உண்டு. இவளுக்கு மாற்றலும் கிடைத்துவிட்டது. ஆனால் மேனேஜர் விடவில்லை. "இந்த கேம் மட்டும் முடியட்டும் மாஸ்டர், அடுத்த நாளே பெட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் பெரிய கஷ்டம், சண்டை போட்டுவிட்டுப் போக முடியாது.

கேம் முடியவில்லை. மகள் அங்கே பள்ளிக்கூடம் சேர்ந்தாள். பல் ஆடியது, விழுந்தது. தினமும் சாயங்காலம் டீ மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் போனில்தான் பார்த்தாள் தாய். "அம்மா எப்போ வருவா?" என்று குழந்தை பிடுங்கும்போதெல்லாம் கணவன், "ரேஸ்ல ஜெயிச்சதும் வந்துடுவா" என்று சொல்லிச் சமாளித்தான். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் இன்னும் வெறியோடு உட்காருவாள்.

மற்ற பந்தயங்கள் எல்லாம் தேறிவிட்டன. கழுத்தறுத்தது கடைசிப் பந்தயம். மலைப்பாதை, கொட்டும் மழை, எதிராளியாக ஒரு சிவப்புக் கார். அதை ஓட்டுவது கம்ப்யூட்டர். நாம் ஓட்ட வேண்டியது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பதும் கார்தான். கேமில் அதற்கு எண்ணும் எழுத்துமாக ஏதோ பெயர் இருந்தது, அந்த அறையில் யாரும் அதைச் சொல்வதில்லை. இன்ஜின் பலம் முழுக்கப் பின் சக்கரத்தில். கொஞ்சம் அழுத்தினால் பாயும். கூடக் கொஞ்சம் அழுத்தினால் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடும். வளைவுக்குள் பிரேக்கைத் தொட்டால் போச்சு, முறுக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிடும். வாசலில் வாங்க என்று சொல்ல ஒரு நிமிஷம் தாமதித்ததற்காகத் திரும்பிப் போன மாப்பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா? அந்த ரகம்.

மற்றவர்கள் அதை அடக்கப் பார்த்தார்கள். அவள் அனுசரித்துப் போனாள். வளைவு வருவதற்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் ஆக்சிலரேட்டரைப் பாதியில் பிடித்தபடி, பின்பக்கம் எங்கே போகிறதோ போகட்டும் என்று விட்டு, மூக்கை மட்டும் பாதையின் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். "கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா மாப்பிள்ளை கோவிச்சுக்க மாட்டாரு" என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வாள். அவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடப்பார்கள். ஆகக் கூடி, அந்தக் காரை அந்தப் பாதையில் கரைசேர்க்க அங்கே அவளை விட்டால் நாதி இல்லை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசிப் பந்தயத்தை ஒரே ஆள் தொடர்ந்து மூன்று தடவை ஜெயிக்க வேண்டும். ஒரு தடவை ஜெயித்தால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம், மூன்று தடவை என்றால் மனிதரால் முடிகிற பந்தயம் என்று அர்த்தம். அவள் ஒரு தடவை ஜெயிப்பாள். அடுத்த தடவை சிவப்பு அவளை மயிரிழையில் முந்தும். உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்து சிவப்பை மறுபடி முந்துவாள். மறுபடி அது முந்தும். இரண்டு வெற்றி சேர்ந்தாற்போல் வந்ததே இல்லை.

"கை சோந்து போச்சா மாஸ்டர்? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்களேன்" என்றார் மேனேஜர்.

"லீவுல போனா கை விட்டுப் போயிடும் சார்."

கணவன் ஒருநாள் பொறுமை இழந்து, "போதும், வேலையை விட்டுட்டு வந்துடு. பாத்துக்கலாம்" என்றான். அவள் கோபித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு பந்தயத்தில் தோற்றுப்போய் வருவதா? அந்த அறையில் அவளைப் பூட்டிய பூட்டின் சாவி பாதி அவள் கையிலேயே இருந்தது. ஆனால் அதைக் கீழே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் அப்படித் தோற்றுவிட்டு, தோற்ற ஓட்டத்தை மறுபடி திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதை நடுவில் ஒரு சுரங்கம் வரும். வெளியே வந்ததும் வலது பக்கம் கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. சிவப்பு அங்கே வலது பக்கம் திரும்பும் முன், ஒரு கண்சிமிட்டும் நேரம் இடது பக்கம் லேசாக விலகியது. பிறகுதான் திரும்பியது.

அவள் படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். அடுத்த வலது வளைவிலும் அதே விலகல்.

அது அவளுடைய விலகல். கண்ட்ரோலரில் காரைத் திருப்பும் குமிழைத் தள்ளுவது இடது கட்டைவிரல். வீடு மாற்றியபோது பீரோ கதவில் நசுங்கிய அந்த விரல், வலது பக்கம் தள்ளும் முன் தன்னிஷ்டத்துக்கு இடது பக்கம் ஒரு துடிப்புத் துடிக்கும். டாக்டரே கைவிட்ட விஷயம். அந்தத் துடிப்பில்தான் மாப்பிள்ளையின் பின்பக்கம் அழகாகத் திரும்பித் தரும் என்று பிறகு கண்டுபிடித்து, குறையையே கைமுதலாக வைத்துக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் அப்படித் திரும்புகிற ஆள் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

சிவப்புக் காரின் புரோகிராமை எழுதியவனுக்குத் தாடி என்று பெயர். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் மேஜைக்கு நேராகப் போய் நின்றாள்.

"தாடி, என் விரலு சிவப்புக்கு எப்படிப் போச்சு?"

தாடி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பார்த்த விதத்திலேயே பாதி தெரிந்துவிட்டது.

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர். ஆரம்பத்துல அது மந்தமா ஓடுச்சுன்னு மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுத்தாரு. சரி, ஆபீஸ்ல யாரு ரொம்ப வேகமா ஓட்டுறாங்களோ, அவங்களைப் பாத்துத் தானா கத்துக்கட்டும்னு எழுதிட்டேன். கொஞ்ச நாள்ல நிறுத்தியிருக்கணும். மறந்தே போச்சு."

"அப்போ நான் ஜெயிக்க ஜெயிக்க..."

"அது உங்க அளவுக்கு வந்துடும். அதுக்கும் மேல ஒரு மயிரிழை. வித்ததுக்கு அப்புறம் கத்துக்காது. இங்க, இந்த ஆபீஸ்ல மட்டும்தான்."

"இப்போ நிறுத்தித் தொலையேன்!"

"நிறுத்தினா அது புது கேம்னு ஆயிடும். முதல் ரேஸ்லேந்து எல்லாத்தையும் திரும்ப ஓட்டிப் பாக்கணும். நீங்க அடுத்த வருஷமும் இங்கதான். நான் தெருவுலதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள். தன் கையே தனக்குதவி என்பார்கள். தன் கையே தனக்கு எமனாகவும் வரும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இத்தனை மாதமும் அவள் கம்ப்யூட்டரோடு மோதவில்லை, நேற்றைய தன்னோடு மோதிக்கொண்டிருந்தாள். நன்றாக ஓட்டினால் நாளைக்குத் தோல்வி. மோசமாக ஓட்டினால் இன்றைக்கே தோல்வி. தன் அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, நான்கு சுவரும் ஒரு அடி உள்ளே நகர்ந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மாப்பிள்ளையையே வழிக்குக் கொண்டுவந்தவள். இரண்டு நாள் கண்ட்ரோலரைத் தொடாமல் யோசித்தாள். வேகமாக ஓடினால்தானே அது கற்றுக்கொள்ளும்? மெதுவாக ஓடி ஜெயித்தால் கற்றுக்கொள்ள அதற்கு என்ன இருக்கிறது? மெதுவாக ஓடி ஜெயிக்க வேண்டுமானால் சிவப்பு வழியில் விழ வேண்டும். எங்கே விழும்? மற்றவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். அவளே அல்லவா அது!

மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டாள். "இன்னைக்கு மூணையும் முடிச்சுடறேன் சார். பக்கத்துல உக்காந்து பாருங்க." மேனேஜர் டீயோடு வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் கூடினார்கள். தாடி கதவோரம் நின்று நகத்தைக் கடித்தான்.

முதல் ஓட்டம். சுரங்கம் வரை சிவப்பின் வாலைப் பிடித்தபடி போனாள். சுரங்கத்துக்குள் பாதை நேர், அங்கே மாப்பிள்ளையை முழுசாக அவிழ்த்துவிட்டுச் சிவப்பின் வலது பக்கம் ஒட்டி ஏறினாள். இரண்டும் தோளோடு தோளாக வெளியே வந்தன. சிவப்பு வழக்கம்போல் இடது பக்கம் அந்தத் துடிப்புத் துடித்தது. திரும்பி வர வலது பக்கம் இடமில்லை. அங்கே அவள் இருந்தாள். முட்டவில்லை, மோதவில்லை, சும்மா இருந்தாள். சிவப்பு விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் போனது. அதன்பின் கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் மாப்பிள்ளையை ஓட்டிக்கொண்டு போய் எல்லைக் கோட்டைத் தாண்டினாள்.

இரண்டாவது ஓட்டத்திலும் அதே இடம், அதே துடிப்பு, அதே பள்ளம்.

"ஏன் அங்கயே விழுது?" என்றார் மேனேஜர்.

"மழை சார். வழுக்குது."

மேனேஜர் உதட்டைப் பிதுக்கி, மெச்சிக்கொள்ளும் குரலில் சொன்னார்: "மனுஷன் மாதிரியே தப்பு பண்ணுது பாருங்க. பய நல்லாத்தான் எழுதியிருக்கான்." தாடிக்கு இருமல் வந்துவிட்டது.

மூன்றாவது ஓட்டத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அவள் ஒரு கணம் சிவப்பைப் பார்த்தாள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது இத்தனை மாதம் இந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்த அவளேதான். வளைவு வளைவாக, தப்பே செய்யாமல், யாருக்காகவோ நன்றாக ஓட்டிக்கொண்டே இருந்தவள். இடம் விட்டால் இன்னும் பத்து வருஷம்கூட ஓட்டுவாள். வெளிச்சம் வந்தது. சிவப்பு இடது பக்கம் துடித்தது.

"விழுடி" என்றாள் வாய்விட்டே.

விழுந்தது. அறையே கத்தியது.

மூன்றாவது வெற்றிக்குப் பின் மேனேஜர் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு கேள்வி கேட்பது அங்கே வழக்கம். ஓட்டியவர் வாயால் பதில் சொன்னால்தான் கேம் வெளியே போகும். ஆயிரம் கையெழுத்தைவிட அந்த ஒரு வாய்ச்சொல் பெரிது.

"மாஸ்டர், குறை ஏதாவது உண்டா?"

மரத்தின் நிழல் கொஞ்சம் கோணலாக விழுந்ததற்குக்கூட உண்டு என்று சொல்லி, மொத்த கேமையும் திருப்பி அனுப்பியவள் அவள். அந்த வாய்க்காகத்தான் மாஸ்டர் என்று பெயர். இன்றைக்கு உண்டு என்றால் தாடி தெருவில், அவள் இந்த அறையில். கேம் வாங்கி விளையாடுகிறவர்கள் மலைப்பாதையில் அவளோடு மல்லுக்கட்டித் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். எவனாவது ஒருவன் அந்தச் சுரங்கத்து வழியைக் கண்டுபிடிக்காமலா போவான்?

"இல்ல சார்" என்றாள்.

கன்னம் சுட்டது. வெட்கமாக இருந்தது, தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலவும் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடத் தாடி பலமாகத் தட்டினான். மேனேஜர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, திங்கட்கிழமை அந்த ஊர்க் கிளையில் போய்ச் சேரலாம் என்றார். முன்பே சொன்னேனே, நல்ல மனிதர்.

டீ மெஷின் பக்கத்தில் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்து அலோ என்பதற்குள் மகள் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, ஜெயிச்சுட்டியா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். அதற்காகத்தானே இத்தனை பாடு. ஆனால் கண் முன்னால் அந்தச் சிவப்புக் கார் மூன்று தடவை விழுந்தது. இல்ல சார் என்று சொன்ன சொந்தக் குரல் காதில் கேட்டது. குழந்தையிடமும் இன்னொரு பொய்யா?

"இல்லடி தங்கம். அம்மா தோத்துட்டேன்."

குழந்தை கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடப் போகிறாள் என்று தாய் பயந்தாள்.

"பரவால்லம்மா" என்றாள் மகள். "தோத்தாலும் வா."

வர்றேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.