ஆடியவளுக்கு என்ன வலி

என் தங்கை அரினோலாவின் கல்யாணத்தில் நான் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினேன். எங்கள் இபாதான் ஊரில் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி எழுந்து வந்து உங்கள் நெற்றியில் நைரா நோட்டை ஒட்ட ஆரம்பித்துவிட்டால் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அவளை மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பேச்சு அவள் பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும். அதனால் பல்லைக் காட்டிக்கொண்டே ஆடினேன். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் போய்க் காரில் சுருண்டு படுத்துக்கொண்டேன். சுருண்டதை யாரும் படம் எடுக்கவில்லை. ஆடியதைத்தான் எடுத்தார்கள்.

எனக்கு சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாளாய் வளைந்து, குழாய்களில் அடைத்துக்கொண்டு, எலும்புக்குள் வலியை ஏற்றிவிடும். பிறந்தது முதல் இதோடுதான் குடித்தனம். இதைப் பற்றித்தான் வலைப்பதிவு எழுதுகிறேன். வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் எதைப் போர்த்திக்கொள்வது, ரத்தப் பரிசோதனையில் எஸ்எஸ், அதாவது இந்த நோய்தான், என்று தெரிந்ததும் ஓடிப்போகும் மாப்பிள்ளைகளை எப்படி வைவது, எல்லாம் அதில் இருக்கும். வாசிப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்.

அந்த வீடியோவைக் கொண்டுவந்து என் பதிவுக்கு அடியிலேயே போட்டான் ஒரு புண்ணியவான். பெயர் வேறு 'உண்மைவிளம்பி'.

"போன வாரம் நடக்க முடியலைன்னு அழுதா. இந்த வாரம் இடுப்பு ஒடிய ஆடுறா. தலையில நோட்டு கொட்டுது. இவளுக்கா நோய்?"

அவன் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. மருந்துச் சீட்டைக் காட்டு என்றார்கள். வெட்கத்தை விட்டுக் காட்டினேன். பக்கத்துத் தெருக் கடையில் அச்சடித்தது என்றார்கள். இவர்களை வைதுவிட்டுத் தூங்கிவிடலாம். ஆனால் வெகுநாளாக என்னை வாசிக்கிற ஒருத்தி எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. "எங்க அக்கா இந்த நோயிலதான் செத்தா. செத்தவளை வச்சுப் பிழைக்காதே."

அவளுக்குப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தபோதே வலி வந்துவிட்டது. முதலில் தொடை, பிறகு முதுகு, பிறகு நெஞ்சு. கல்யாணப் பின்னலைக்கூடப் பிரிக்காத அரினோலா புகுந்த வீட்டிலிருந்து ஓடிவந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பட்டப்பகல், அவசரப் பிரிவில் நல்ல கூட்டம். நர்ஸ் என் பெயரைக் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இபிதுனா? அந்த நோட்டு மழை அம்மா நீங்கதானே?"

"சிஸ்டர், முதல்ல அக்காவுக்கு ஊசி போடுங்க," என்றாள் அரினோலா.

"போடுவோம்மா. வலி வந்தவங்க இப்படியா இருப்பாங்க? போட்டோவுக்கு உக்காந்த மாதிரி, கையில போன் வேற. ஊசிக்குப் பழகிப்போய் இங்க நிறைய பேர் வர்றாங்க. டாக்டர் வரட்டும்."

போனை நான் பார்க்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்க ஏதாவது வேண்டும். கத்தினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் நெஞ்சு இன்னும் இறுகும். அதனால் எங்களில் பாதிப்பேர் சின்ன வயதிலேயே வாயை மூடப் பழகிவிடுவோம். இதையும் பதிவில் எழுதியிருக்கிறேன். அந்த நர்ஸ் அதை வாசித்திருக்கமாட்டாள்.

அடுத்த கட்டிலில் கை ஒடிந்த மெக்கானிக் ஒருவன் கட்டடம் அதிரக் கத்தினான். அவனிடம் எல்லோரும் ஓடினார்கள்.

"பாத்தியா? கத்துக்கா," என்றாள் அரினோலா.

"முடியலடி."

"வாயைத் திறந்து ஐயோன்னு சொல்ல என்ன கேடு உனக்கு? அவ்வளவு எழுதுறியே! உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. எனக்குப் பயமா இருக்குக்கா. எனக்காகக் கத்து."

அவள் அழுதாள். நான் செத்துப்போய்விடுவேன் என்று எனக்கே அப்போது தோன்றிவிட்டது. மெக்கானிக் எப்படிக் கத்துகிறான் என்று கவனித்துக் கேட்டேன். எங்கே இழுக்கிறான், எங்கே ஆண்டவரைக் கூப்பிடுகிறான் என்று பார்த்துக்கொண்டேன். அப்படியே கத்தினேன். காலை உதறினேன். பக்கத்திலிருந்த தட்டைத் தட்டிவிட்டேன். தலையைச் சுவரில் முட்டப் போனேன். என் வலிக்கும் அந்தக் கூச்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நர்ஸ் ஓடிவந்தாள். "ஐயோ பாவம், இவ்வளவு வலியா? முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்று உண்மையாகவே பதறினாள். ஊசி ஏறியது.

மெல்ல மெல்ல நெஞ்சு இளகியது. அரினோலா என் காலடியிலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஒண்டோ ஊரிலிருந்து ஒரு பெண், அவளும் எஸ்எஸ்தான், எழுதியிருந்தாள்.

"அக்கா, நாங்க உங்களை நம்புறோம். நான் ஒரு நாளும் நடிச்சதில்லைன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. அவனுங்க வாயை நான் அடைக்கிறேன்."

'நான் ஒரு நாளும்' என்று தட்டினேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை.