தயிர் வாளிகளில் தெருவெளிச்சம்

சில்வெஸ்டர் ஃப்ரீசருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, குசினித் தரையில் வெளிச்சம் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. காலையிலேயே ஃப்ரீசர் மோட்டார் செத்துவிட்டது. உள்ளேயிருந்த தயிர் வாளிகள் ஒவ்வொன்றாக இளகி, செம்மஞ்சள் வெளிச்சம் வழிந்து, வாசல் இடுக்கால் படிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி புஷ்பமலர் பழைய துவாயை உருட்டி இடுக்கை அடைத்தாள்.

"எதையப்பா தேடுறியள்? மீனெண்டால் மேல்தட்டில கிடக்கு."

"மீனில்லை. கொஞ்சம் பேசாம இரும்!"

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இது 2000ஆம் ஆண்டளவில் தொடங்கியது. பால்கனியில் தொலைநோக்கி வைத்து சில்வெஸ்டர் எடுத்த நட்சத்திரப் படங்களிலெல்லாம் ஊரின் விளக்கு வெளிச்சமும் நிலக்கரிக் கோக் ஆலையின் சுவாலை வெளிச்சமும் புகைபோலப் படிந்திருந்தன. படத்தை ஸ்கேன் செய்து, வெறும் வானம் எதுவென்று புள்ளி வைத்துக் காட்டினால், மென்பொருள் அந்தப் புகையைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். கழித்த வெளிச்சமும் எங்கேயாவது போகவேண்டுமே. கணினியின் பின்பக்கத்தால் சொட்டியது. துருக்கிக் கடைத் தயிர் வாளி ஒன்றையும் எறிந்தறியாத புஷ்பமலர், அதை வாளிகளில் ஏந்தி மீன்குழம்புகளுக்கு நடுவே உறையவைத்தாள். பல்ப் எரிந்துபோனால் ஒரு வாளியைத் திறப்பாள். கோக் ஆலை மூடப்பட்டு அதன் சுவாலை அணைந்த பிறகு, அங்கே வேலை செய்த கீழ்வீட்டு கோவால்ஸ்கி ஞாயிறுதோறும் வந்து பழைய சுவாலையின் வெளிச்சத்தில் ஒரு வாளி வாங்கிப்போய், அதன் கீழே பியர் குடித்தார். வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டில் சிந்தக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

2009 கோடையில் ஃப்ரீசர் நின்ற அன்று கோவால்ஸ்கி முழங்கால்வரை செம்மஞ்சளாக ஓடிவந்தார். சுவாலை இருந்த கடைசி வாளியை புஷ்பமலர் அவரிடம் கொடுத்தனுப்பினாள். சில்வெஸ்டர் திரும்பியும் பார்க்கவில்லை. அடித்தட்டு மூலையில் ஒரு சின்ன வாளி அகப்பட்டது. மூடி உப்பியிருந்தது.

"திறவுங்கோ, இல்லாட்டி வீணாப்போயிடும்."

"திறந்தா திரும்ப அடைக்க ஏலாதப்பா."

மூடி தானாகவே தெறித்தது. செம்மஞ்சள் இல்லை, வெள்ளை. குசினி டியூப்லைட்டின் வெள்ளை. சுவரில் யன்னல் அளவில் விழுந்த அந்த வெளிச்சத்தின் நடுவே ஒரு சின்னத் தலையும், அதன்மேல் மான்கொம்பாக விரித்த இரண்டு கைகளும் நிழலாக நின்றன.

"அந்த ஆந்திரமீடா நட்சத்திரப் படம்!" என்றாள் புஷ்பமலர். "லவினியா வேணுமெண்டு யன்னலில நிண்டு பழுதாக்கினது. எறியச் சொல்லிக் கத்தினனீங்கள் எல்லோ?"

"ஓம். கத்தினனான்."

பத்து வயதில் மகள் நின்ற வெளிச்சத்தை அவர் அன்று புள்ளி வைத்துக் கழித்திருந்தார். நிழலும் கூடவே வந்திருந்தது. லவினியா இப்போது ஹனோவரில் படிக்கிறாள், போனில் அவசரமாகப் பேசுகிறாள். சுவரில் நின்றவள் கொம்பை ஆட்டி நாக்கை நீட்டினாள். சனிக்கிழமை புது ஃப்ரீசர் வந்தபோது, அந்தச் சுவர் மறையாதபடி எதிர்ப்பக்கம் வைத்தார்கள். வயர் எட்டவில்லை, நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கவேண்டியிருந்தது.