தலையணைத் தொப்பை

எங்கள் தையல் ஆலையில் ஆண்டுவிழாவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அன்று ஒரு நாள் தொழிலாளிகள் மேலே உள்ளவர்களைக் கிண்டலடித்து நாடகம் போடலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத நான், இந்த வருஷம் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சூப்பர்வைசர் வேஷம் எனக்குத்தான் வேண்டும் என்றேன்.

காரணம் என் தங்கை. அவளுக்குத் திக்குவாய். என் பக்கத்து மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். நான் காய்ச்சலில் லீவு போட்ட அன்று, நூல் தீர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொல்லப் போயிருக்கிறாள். அந்தப் புண்ணியவான் அறுபது பேர் பார்க்க அவளைப் போலவே திக்கித் திக்கிப் பேசிக் காட்டினான். அறுபது பேரும் சிரித்தார்களாம். பிறகு அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னான். அதை என்னிடம் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நாலு மாதமாக அவள் வாசலைத் தாண்டவில்லை. அதே அறுபது பேர் முன்னால் அவனைக் கூனிக்குறுக வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

விழா அன்று மேடையில் எனக்கு வயிற்றில் இரண்டு தலையணை, துடைப்பம் மாதிரி மீசை. தொப்பை முன்னால் போக, நான் பின்னால் போனேன். நான் தும்மினால் கூட நடித்த நாலு பேர் விழுந்தார்கள். சிரிப்பில் கூடமே அதிர்ந்தது.

முதல் வரிசையைப் பார்த்தேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். தொடையைத் தட்டித் தட்டி, பக்கத்தில் இருந்த மனைவிக்கு என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். இவ்வளவு பெரிய தொப்பை நமக்கு இல்லையே என்று அவனுக்கு நிம்மதி. நான் ஊதிப் பெருக்கப் பெருக்க அது வேறு யாரோ ஆகிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் ஒத்திகை பார்த்து அவனைக் குஷிப்படுத்தியிருக்கிறேன். என் புத்தியை எதால் அடிப்பது.

தலையணைகளை உருவிப் போட்டேன். மீசையைப் பிய்த்தேன். கூட நடித்தவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். அவன் எப்படி நிற்பானோ அப்படியே, நாடகத்துக்காக மேடையில் வைத்திருந்த தையல் மெஷின்மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்தேன். என் தங்கையின் காதில் அவன் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அவன் குரலிலேயே மைக்கில் மெதுவாகச் சொன்னேன்.

“வாயத் தொறக்காத. உன் குரலக் கேட்டாலே குமட்டுது. உன்னையெல்லாம் வச்சிருக்கறதே பாவம் பாத்துதான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி நின்றது.

அவன் மனைவி எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை, அவனைத்தான் பார்த்தாள்.

“இந்தப் பேச்செல்லாம் எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றாள்.

கூடம் இருந்த இருப்பில் அது கடைசி வரிசை வரை கேட்டது. அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தான். அவள் உட்காரவில்லை. அத்தனை பேரும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள். மேடையை விட்டு இறங்க எனக்கு அவசரமே இல்லை.