போனை எடுத்த எதிர்க் கம்பெனி

எங்கள் ஊர் லெஸ்கோவாட்ஸில் செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் நிதானம் இருக்காது. குடைமிளகாய் ஏற்றிய டிராக்டர்கள் பேருந்து நிறுத்தம் தாண்டியும் வரிசைகட்டி நிற்கும். எடைமேடையிலிருந்து மிளகாய் சுடும் சுடுகூடத்தைக் கேட்க வேண்டும், சுடுகூடத்திலிருந்து குளிர்கிடங்கைக் கேட்க வேண்டும். போன் ஊமையானால் மிளகாய் அழுகும். எடைமேடையில் உட்காருபவள் நான்.

போன்களுக்கும் கணினி இணைப்புகளுக்கும் பொறுப்பு ராதோய்கா. அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவள் நான். அன்றிலிருந்து எங்களுக்குள் 'கூமா' என்ற அழைப்புதான், சண்டை போட்டாலும்.

பழைய போன் இணைப்பகம் கோடை இடியில் கருகிப்போனபோது இரண்டு கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. ஒன்றின் விற்பனையாள் வுகாஷின். வாசனை பூசிக்கொண்டு வருவான், டைரக்டர் ஆர்செனியேயோடு காட்டுப்பன்றி வேட்டைக்கும் போவான். ராதோய்கா மற்றதைத்தான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தாள். "இவன்கிட்ட போன் வாங்குனா கூடவே ஒரு பூட்டையும் மாட்டிவிடுவான், கூமா. சாவி எப்பவும் அவன் பையில இருக்கும்" என்பாள். டைரக்டர் அரை மனதோடு கையெழுத்துப் போட்டார்.

பாதி வேலை முடிந்தது. புது இணைப்பகம் வந்தது. அலுவலகத்திலும் வாசலிலும் என் மேடையிலும் புதுப் போன்கள் மணியடித்தன. சுடுகூடத்துக்கும் கிடங்குக்கும் உரியவை மட்டும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் ஒரு திங்கட்கிழமை ராதோய்கா என் மேடையிலிருந்தே தான் தேர்ந்தெடுத்த கம்பெனிக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைத் திறந்துவைத்தாள்.

ஒரு பெண் எடுத்து வணக்கம் சொன்னாள். சொன்ன பெயர் வுகாஷினின் கம்பெனிப் பெயர்.

"தப்பா அழுத்திட்டேன்" என்று வைத்துவிட்டு, எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி அழுத்தினாள். அதே குரல்.

"நம்பர் சரிதாங்க. அந்தக் கம்பெனிய நாங்க வாங்கிட்டோம். இன்னைக்குக் காலையிலதான் அறிவிச்சாங்க."

ராதோய்கா போன் பக்கம் குனிந்தாள். "அப்ப எங்களுக்கு வரவேண்டிய போனுங்க?"

"அந்த மாடல நிறுத்திட்டாங்க. இனிமே செய்ய மாட்டாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

பக்கத்திலிருந்த மிளகாய்க் கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியே டிராக்டர்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். எனக்கு எடை பார்க்கக் கை ஓடவில்லை.

"கூமா, தண்ணி குடிடி" என்றேன்.

"யாரு வேணாம்னு துரத்துனேனோ அவன் வீட்டுக்கே என்னையக் கட்டிக்குடுத்துட்டாங்களேடி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

டைரக்டர் அறைக்கு நானும் கூடப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

"சாகப்போற கம்பெனிய எங்க தலையில கட்டறதுக்கு உனக்கு எவன் லஞ்சம் குடுத்தான், ராதோய்கா?"

"டைரக்டரே, இந்த இணைப்பகத்துல எந்தக் கம்பெனி போனும் பேசும். பக்கத்துல நீஷ் டவுன்ல கடையில கிடைக்கிறத வாங்கி மாட்டிரலாம்" என்றாள்.

"இன்னும் உன் பேச்சையே நம்பச் சொல்றியா?"

மதியத்துக்குள் வுகாஷின் வந்துவிட்டான், கையில் சாக்லேட் பெட்டியோடு. டைரக்டரே கூப்பிட்டிருக்கிறார். "என்ன அம்மணி, கடைசியில நம்ம குடும்பத்துக்கே வந்துட்டீங்களே!" என்று ராதோய்காவுக்குக் கை நீட்டினான். அவள் கை கொடுக்கவில்லை. மாட்டியதையெல்லாம் கழற்றி எறிந்து முழுக்கத் தன் சரக்கையே போட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று பேசாது என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கைப்பேசி அடித்தது.

"எங்க தலைமை. வாழ்த்துச் சொல்லத்தான்" என்று கண்ணடித்துவிட்டு எடுத்தான்.

வாழ்த்து இல்லை. முதலில், "எந்த ஆபீஸ்?" என்றான். பிறகு, "என்னோடதா? நாமதானே வாங்குனோம்? வாங்குனவன எப்படி வெளிய அனுப்புவீங்க?" என்றான். வைத்துவிட்டு அவனே எங்களுக்குச் சொன்னான். வாங்கப்பட்ட கம்பெனியின் ஆட்களையே வைத்துக்கொண்டு, அவன் வேலை பார்த்த பெல்கிரேட் ஆபீஸை மூடுகிறார்களாம். காரையும் கைப்பேசியையும் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டுமாம்.

டைரக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராதோய்காதான் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. வீட்டுக்குச் சொல்லணும்னா இந்தப் போன்ல சொல்லுங்க."

அவன் வீட்டுக்குப் போன் போடவில்லை. சாக்லேட் பெட்டியின் நாடாவை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி, தலை நிமிராமலே சொன்னான்: "ஆர்செனியே, எதையும் கழட்ட வேணாம். இந்தம்மா என்ன சொல்லுச்சோ அதான் நிஜம். எந்தப் போனும் பேசும். பேசாதுன்னு சொல்லச் சொல்லித்தான் எங்களப் பழக்கினாங்க."

டைரக்டர் உடனே நம்பினார். காலையில் இதையே ராதோய்கா சொன்னபோது நம்பாதவர், வேட்டைக்கு வந்தவன் சொன்னதும் நீஷுக்கு வண்டி அனுப்பினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை.

மறுநாள் சுடுகூடத்தில் வேறு ஏதோ பெயர் போட்ட போன் மாட்டினாள். கிடங்கிலும் மாட்டினாள். எடைமேடையிலிருந்து கூப்பிட்டேன், கேட்டது. அந்த வருஷம் மிளகாய் ஒரு கூடைகூட வீணாகவில்லை.

வுகாஷின் பஸ்ஸில்தான் ஊர் போனான் என்று காவல்காரன் சொன்னான். பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை.

எவன் லஞ்சம் கொடுத்தான் என்ற அந்தக் கேள்வியை டைரக்டர் திரும்பப் பெறவே இல்லை. குளிர்காலத்தில் ராதோய்கா நீஷில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டாள். விடைபெறப் போனபோது அவர், "எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுதே, இப்ப ஏன் போற?" என்று உண்மையாகவே கேட்டாராம்.

"நீ என்னடி சொன்ன?" என்றேன்.

"அப்படிக் கேட்டதே அவருக்கு ஞாபகமில்ல, கூமா" என்றாள். "அன்னைக்குக் கம்பெனி கைமாறினதக் கேட்டப்பக்கூட எனக்கு இப்படி மூச்சு நின்னு போகல."